மோட்டாரில் தொடங்குங்கள்

காலை ஆறரை மணிக்கு எதிர்வீட்டு அத்தை போடும் குரலுக்கு எங்கள் தெருவில் தனி மரியாதை உண்டு. "தண்ணி போகுது..!" யார் வீட்டுத் தண்ணீர் என்று சொல்லமாட்டார். சொல்லவும் தேவையில்லை. மோட்டார் போட்டுவிட்டு மறந்த அத்தனை பேரும் அவரவர் வீட்டு சுவிட்சைத் தேடி ஓடுவார்கள். பல வருடம் நானும் அப்படி ஓடியவன்தான். பல் தேய்த்துக்கொண்டே ஓடியிருக்கிறேன்.

வீட்டைத் தானியங்கியாக்குவது என்றதும் விளம்பரத்தில் வருவது நிறம் மாறும் பல்பும், பேர் சொன்னால் விலகும் திரைச்சீலையும். அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சொந்தக் கையால் இதைச் செய்து பார்க்க ஆசைப்படுபவர்கள், வீட்டில் நாலு பேர் நினைவில் வைத்திருந்தும் எப்படியோ மறந்துபோகும் ஒரு வேலையை முதலில் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. நம் ஊர் வீடுகளில் அது பெரும்பாலும் மோட்டார்தான். கரண்ட், தண்ணீர், கம்பி, வைஃபை, வீட்டாரின் பொறுமை என்று எல்லாச் சிக்கலும் அதற்குள்ளேயே இருக்கின்றன. மோட்டாரைச் சரியாகச் செய்துவிட்டால் பல்பு பெரிய காரியமில்லை.

எவ்வளவு பெரிய அமைப்பானாலும் உள்ளே நடப்பது மூன்றே காரியம். ஒன்று பார்க்கிறது, ஒன்று முடிவெடுக்கிறது, ஒன்று செய்கிறது. தொட்டியில் எவ்வளவு தண்ணீர், கதவு திறந்திருக்கிறதா, அறையில் ஆள் உண்டா என்று பார்ப்பது சென்சார். அதைக் கேட்டு என்ன செய்யலாம் என்று தீர்மானிப்பது ஒரு சின்ன கம்ப்யூட்டர். தீர்மானித்ததைச் செய்வது பெரும்பாலும் ரிலே. ரிலே என்பது கைக்குப் பதில் மின்காந்தம் தட்டும் சுவிட்ச். "டிக்" என்று ஒரு சத்தம் வருமே, அதுதான்.

இந்த மூன்றில் முதலில் யோசிக்க வேண்டியது நடுவில் இருக்கும் மூளை எங்கே உட்காரப்போகிறது என்பதை. கடையில் கிடைக்கும் ஸ்மார்ட் பல்புகள் பலவற்றுக்கு மூளை வெளியூரில் இருக்கிறது. நீங்கள் போனில் பொத்தானைத் தொட்டால் சேதி ரவுட்டர் வழியாக எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்து, உங்கள் தலைக்கு மேலே நாலடி உயரத்தில் இருக்கும் பல்பைப் போடுகிறது. நெட் இருக்கும்வரை இது தெரியாது. கம்பெனி இருக்கும்வரையும் தெரியாது.

அமெரிக்காவில் வீட்டுக் கருவிகளை ஆட்டிவைக்க ரிவால்வ் என்று ஒரு பெட்டி விற்றார்கள், ஏறக்குறைய 300 டாலர். 2014-ல் அந்தக் கம்பெனியை நெஸ்ட் என்ற கம்பெனி வாங்கியது. 2016 மே மாதம் சர்வரை நிறுத்தினார்கள். பெட்டியில் எந்தக் கோளாறும் இல்லை, ஆனால் எந்த வேலையும் செய்யாது. 2022 ஏப்ரலில், இதே தொழிலில் இருந்த இன்ஸ்டியான் என்ற கம்பெனியின் சர்வர்கள் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்தன. பிறகு அதன் வாடிக்கையாளர்கள் சிலரே சேர்ந்து கம்பெனியை வாங்கி உயிர்ப்பித்தார்கள். இதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே, 1975-ல், ஸ்காட்லாந்தின் கிளென்ராத்தஸ் ஊரில் எக்ஸ்10 என்ற முறையை உருவாக்கியிருந்தார்கள். வீட்டு கரண்ட் கம்பியிலேயே சேதி அனுப்பும் முறை அது. மந்தமானது, சில நேரம் சொல்பேச்சு கேட்காது. ஆனாலும் வெளியே எந்த சர்வரையும் அது நம்பியிருக்கவில்லை. அந்த ஒரு குணத்தை மட்டும் நாம் கடன் வாங்கிக்கொள்ளலாம். மூளை வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

அதற்கு இன்று பலரும் கைவைப்பது ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருளில். நெதர்லாந்தைச் சேர்ந்த பவுலஸ் ஸ்கௌட்சன் 2013-ல் பைத்தான் மொழியில் எழுதத் தொடங்கியது. 2024-லிருந்து ஓப்பன் ஹோம் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. விற்றுவிடுவார்களோ என்ற பயம் குறைவு.

இதை ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவு கம்ப்யூட்டரில் போடும்படி பலரும் சொல்வார்கள். நான் சொல்வது வேறு: பரணில் கிடக்கும் பழைய லேப்டாப்பை இறக்குங்கள். 4 ஜிபி ரேம் இருந்தால் வீட்டுக்குப் போதும். திரை உடைந்திருந்தாலும் பரவாயில்லை, முதல் நாள் மட்டும் ஒரு மானிட்டர் கடன் வாங்குங்கள். லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது. அரை மணி நேரம் தாங்கினாலும் அது சொந்தமாக ஒரு யுபிஎஸ். ராஸ்பெர்ரி பையை மெமரி கார்டில் ஓட்டினால், ஹோம் அசிஸ்டன்ட் ஓயாமல் கணக்கு எழுதிக்கொண்டே இருப்பதால் கார்டு தேயும்; எழுதும் நேரம் பார்த்து கரண்ட் போனால் கெட்டும்போகும். ஒன்று மட்டும் கவனம். ஹோம் அசிஸ்டன்ட்டின் முழு இயங்குதளத்தை ஏற்றினால் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். அக்கா கல்யாணப் போட்டோ அந்த லேப்டாப்பில்தான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஏற்றி முடித்தால் வீட்டு வைஃபையில் இருக்கும் எந்த போனிலும் பிரவுசரில் லேப்டாப்பின் முகவரியோடு 8123 என்ற போர்ட் எண்ணைச் சேர்த்துத் திறக்கலாம். ஒரு வெற்றுப் பலகை வரும். இனி அதனோடு பேச ஆள் வேண்டும்.

அந்த ஆள் ஈஎஸ்பி32. ஷாங்காயில் இருக்கும் எஸ்பிரெசிஃப் கம்பெனி 2014-ல் ஈஎஸ்பி8266 என்ற சில்லைச் சந்தைக்கு விட்டது. வைஃபையும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டரும் சேர்ந்த அந்தச் சில்லின் விலையைப் பார்த்து எலக்ட்ரானிக்ஸ் பைத்தியங்கள் எல்லாரும் கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள். 2016-ல் அதற்கு அண்ணனாக ஈஎஸ்பி32 வந்தது. சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இதற்கு நிரல் எழுதத் தெரிய வேண்டுமா என்றால், தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் நடக்கும். ஈஎஸ்பிஹோம் என்று ஒரு வசதி இருக்கிறது. "இந்தக் காலில் ரிலே, அந்தக் காலில் மிதவை" என்று பட்டியல் போட்டுக் கொடுத்தால் மீதியை அதுவே எழுதிச் சில்லில் ஏற்றிவிடும். பட்டியலில் வரி தொடங்கும் இடம் ஓர் எழுத்து தள்ளிப்போனாலும் ஏற்காது. அந்தப் பிடிவாதத்துக்கு இரண்டு நாளில் பழகிவிடுவீர்கள்.

கொஞ்சம் ஆழம் போனால் எம்க்யூடிடி என்ற சொல்லும் காதில் விழும். கருவிகள் தங்களுக்குள் குட்டிக் குட்டிச் சேதி அனுப்பிக்கொள்ளும் முறை அது. 1999-ல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க உருவாக்கியது. பாலைவனத்துக் குழாய்க்காகச் சிக்கனமாகச் செய்தது இன்று நம் வீட்டு மிதவைக்கு உதவுகிறது. ஈஎஸ்பிஹோம் நேரடியாகவே ஹோம் அசிஸ்டன்ட்டோடு பேசும் என்பதால் தொடக்கத்தில் இது இல்லாமலேயே ஓட்டலாம்.

இப்போது மோட்டாருக்கு வருவோம்.

எங்கள் வீட்டில் தரையில் ஒரு சம்ப், மாடியில் 1000 லிட்டர் சின்டெக்ஸ், நடுவில் 1 எச்பி மோனோபிளாக். நான் முதலில் செய்தது எல்லாரும் செய்வதுதான். நீல நிறச் சதுரப் பெட்டி போன்ற ரிலே ஒன்று வாங்கினேன். அதன் முதுகில் 10 ஆம்பியர், 250 வோல்ட் என்று அச்சடித்திருந்தது. மோட்டார் ஆறு ஆம்பியர் எடுக்கும், ரிலே பத்து தாங்கும், சரிதானே என்று இணைத்தேன். மூன்றாவது வாரம் ஒரு காலை. போனில் மோட்டார் "ஆஃப்" என்று காட்டுகிறது. மாடியிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. அத்தை குரல் கொடுக்கிறார். திரும்பத் திரும்ப ஆஃப் செய்கிறேன், போனும் சமத்தாக "ஆஃப்" என்றே சொல்கிறது. கடைசியில் மெயினைத்தான் இறக்க வேண்டியிருந்தது.

ரிலேயைப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. உள்ளே இரண்டு சின்னத் தொடுமுனைகள், மிளகை விடச் சிறியவை, ஒன்றோடொன்று பற்றவைத்ததுபோல் ஒட்டியிருந்தன. மோட்டார் ஓடும்போது எடுப்பது ஆறேழு ஆம்பியர்தான். ஆனால் கிளம்பும் அந்தக் கணத்தில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். ரிலேயின் முதுகில் போட்டிருக்கும் 10 ஆம்பியர், ஹீட்டர் போன்ற சாதுவான சுமைக்குச் சொன்ன கணக்கு. மோட்டாருக்கு அது செல்லாது.

அதற்கென்று இருப்பது கான்டாக்டர். ரிலேயின் பெரியண்ணன். எலக்ட்ரிகல் கடையில் கேட்கும்போது "மோட்டாருக்கு, ஏசி-3 ரேட்டிங்" என்று சொல்லிக் கேளுங்கள். 1 எச்பிக்கு 16 ஆம்பியர் எடுத்தால் நிம்மதி. நம் நீல ரிலே கான்டாக்டரின் காயிலை மட்டும் தட்டும். மோட்டாரின் முழு பாரத்தையும் கான்டாக்டர் சுமக்கும். அந்தக் காயிலின் குறுக்கே ஒரு ஸ்னப்பர், அதாவது ரெசிஸ்டரும் கபாசிட்டரும் சேர்ந்த குட்டிப் பொருள், போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் கான்டாக்டர் விடும் ஒவ்வொரு முறையும் கிளம்பும் மின்தெறிப்பில் ஈஎஸ்பி மயங்கி விழுந்து மறுபடி எழும். போர்வெல் சப்மெர்சிபிள் என்றால் பச்சை, சிவப்பு பட்டன் வைத்த பேனல் பெட்டி இருக்கும். சிலவற்றில் பச்சையை இரண்டு விநாடி அழுத்திப் பிடித்தால்தான் மோட்டார் கிளம்பும். அங்கே ரிலேயும் அதே இரண்டு விநாடி "அழுத்த" வேண்டும். 230 வோல்ட் பக்கத்து வேலை முழுவதையும் தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி வீட்டில் இல்லையென்றால் ஆட்டோமேஷன் காசை முதலில் அதில் போடுங்கள். ஈரக் கையும் மோட்டார் சுவிட்சும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் வீடு நம்முடையது.

ஒட்டிக்கொண்ட ரிலே எனக்கு இன்னொன்றையும் காட்டியது. போனில் நான் பார்த்த "ஆஃப்" மோட்டாரின் நிலை அல்ல. நான் போட்ட உத்தரவின் எதிரொலி. உத்தரவு வேறு, நடந்தது வேறு. மோட்டார் ஓடுகிறதா என்று மோட்டாரைத்தான் கேட்க வேண்டும். அதற்கு மோட்டார் வயரைச் சுற்றி ஒரு சிடி காயில் மாட்டி, பிசெம் என்று பெயர் போட்டு வரும் சின்ன மீட்டரோடு இணைத்தேன். எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று நொடிக்கு நொடி சொல்கிறது. இதில் எதிர்பாராத ஒரு லாபம். சம்பில் தண்ணீர் தீர்ந்து மோட்டார் வெறுமனே ஓடினால் அதற்குச் சுமை குறையும், ஆம்பியரும் இறங்கும். எங்கள் வீட்டில் தண்ணீரோடு 6.3 காட்டுவது, வெற்றாக ஓடினால் நாலுக்குக் கீழே போகிறது. பத்து விநாடிக்கு மேல் அப்படி இருந்தால் நிறுத்து என்று ஒரு விதி. சீல் கருகி மோட்டார் கடைக்குப் போகும் செலவு அதோடு நின்றது.

இனி தொட்டியைப் பார்க்கும் கண். மூன்று வழி இருக்கிறது. ஸ்டீல் கம்பிகளைத் தண்ணீரில் தொங்கவிடுவது மலிவு. ஆனால் நேர்மின்சாரம் பாய்ச்சிக்கொண்டே இருந்தால் சில மாதத்தில் கம்பி அரித்துவிடும். இரண்டாவது மிதவை சுவிட்ச். முட்டாள்தனமான, நம்பகமான பொருள். தண்ணீர் ஏறினால் சாயும், உள்ளே தொடர்பு மாறும், அவ்வளவுதான். மூன்றாவது அல்ட்ராசோனிக். மூடியில் உட்கார்ந்து கீழே ஒலி அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் சொல்வது. ஒலி போய்வர ஒரு சென்டிமீட்டருக்கு 58 மைக்ரோவிநாடி. ஒரு மீட்டர் கீழே தண்ணீர் இருந்தால் 5.8 மில்லிவிநாடியில் பதில் வந்துவிடும். தொட்டியின் விட்டம் 1.1 மீட்டர் என்றால் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் ஏறக்குறைய 9.5 லிட்டர். "62 சதவீதம்" என்று போனில் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் நனையாத வகை அல்ட்ராசோனிக் சென்சாருக்கு முகத்துக்கு முன்னால் இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டர் குருட்டு இடம் உண்டு. தொட்டி நிறைந்து தண்ணீர் மூடியை நெருங்கும் முக்கியமான நேரத்தில் அதற்குக் கண் தெரியாது. வெயில் காலத்தில் மூடியின் அடியில் ஆவி படிந்து துளி நின்றாலும் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லும். ஏழு முறை அளந்து வரிசைப்படுத்தி நடுவில் வருவதை எடுத்தால் ஓரளவு அடங்கும். அதனால் நான் இரண்டையும் வைத்தேன்: எவ்வளவு என்று சொல்ல அல்ட்ராசோனிக், நிறைந்தது என்று நிறுத்த மிதவை.

அந்த மிதவையை நான் ஈஎஸ்பியோடு மட்டும் இணைக்கவில்லை. மிதவை ஒரு 12 வோல்ட் ரிலேயை இயக்குகிறது. அந்த ரிலே கான்டாக்டர் காயிலின் பாதையை நேரடியாக வெட்டுகிறது. நடுவில் வைஃபை இல்லை, லேப்டாப் இல்லை, நிரல் இல்லை. ஈஎஸ்பி பைத்தியம் பிடித்து "ஓடு ஓடு" என்று கத்தினாலும் தொட்டி நிறைந்தால் மோட்டார் நிற்கும். மாடித் தொட்டிக்கு 230 வோல்ட்டை ஒருபோதும் ஏற்றாதீர்கள், 12 வோல்ட் போதும்.

ஈஎஸ்பி பைத்தியம் பிடிக்குமா என்றால், தினமும் ஒரு நொடி பிடிக்கும். கரண்ட் வந்து அது கண்விழிக்கும் அந்த நொடியில், சில கால்கள் நிரலின் பேச்சைக் கேட்பதற்கு முன்பே தன்னிச்சையாக ஏறி இறங்கும். மலிவு ரிலே பலகைகள் பலவும் கால் தாழ்ந்தால் இயங்கும் வகை. இரண்டும் சேர்ந்தால் கரண்ட் போய் வரும்போதெல்லாம் மோட்டார் ஒரு முறை உறுமும். மழைக்காலத்தில் அரைமணிக்கு நாலு முறை கரண்ட் போகும் ஊரில் இது மோட்டாருக்கு நல்லதல்ல. கண்விழிக்கும்போது அமைதியாக இருக்கும் கால் எது என்று பார்த்து ரிலேயை அதில் இணைக்க வேண்டும். ஈஎஸ்பிஹோமில் "விழித்தால் எப்போதும் ஆஃப்" என்று ஒரு அமைப்பு உண்டு, அதையும் போடுங்கள்.

விதி எழுதுவது இத்தனைக்கும் பிறகு எளிது. ஹோம் அசிஸ்டன்ட் மூன்று கேள்வி கேட்கும்: எப்போது, எது இருந்தால், என்ன செய்ய. எங்கள் விதி இப்படிப் போகிறது. மாடித் தொட்டி 35 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது, சம்பில் 30 சதவீதமாவது இருந்து, வோல்ட் 200-க்கு மேல் இருந்து, நேரம் காலை ஐந்தரைக்கும் இரவு ஒன்பதுக்கும் நடுவில் இருந்தால், மோட்டாரைப் போடு. மிதவை நிறைந்தது என்று சொன்னால் நிறுத்து. எது எப்படியானாலும் 35 நிமிடத்தில் நிறுத்தி எனக்குச் சொல். கடைசி வரி மிக முக்கியம். எங்கள் தொட்டி நிறைய 25 நிமிடம் ஆகும். 35 நிமிடம் ஓடியும் நிறையவில்லை என்றால் எங்கோ குழாய் திறந்திருக்கிறது, அல்லது ஏதோ ஒரு சென்சார் பொய் சொல்கிறது. நிறுத்தும் விதிகளை ஹோம் அசிஸ்டன்ட்டில் வைக்காமல் ஈஎஸ்பிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது வைஃபை போனால் நிறுத்த ஆள் வேண்டுமே.

இத்தனையும் செய்துவிட்டுப் பழைய சுவிட்சைக் கழற்றி எறிந்தால் எல்லாம் வீண். ஆட்டோ, ஆஃப், மேனுவல் என்று மூன்று நிலை கொண்ட சுழல் சுவிட்ச் ஒன்றை மோட்டார் பெட்டியில் போடுங்கள். மேனுவலில் திருப்பினால் நம் எலக்ட்ரானிக்ஸ் முழுவதும் விலகிக்கொண்டு மோட்டார் பழைய மோட்டாராக வேண்டும். எங்கள் அம்மா ஒரு கட்டத்தில் கேட்டார்: "நீ ஊருக்குப் போயிட்டா நான் தண்ணிக்கு யாரைக் கேக்குறது?" வீட்டு ஆட்டோமேஷன் பற்றி நான் படித்த எந்தக் கையேட்டிலும் இவ்வளவு சரியான கேள்வியைப் பார்த்ததில்லை.

விளக்கு, ஃபேன் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன். சுவரில் இருக்கும் சுவிட்சை அப்படியே விட்டு, அதன் பின்னால் பெட்டிக்குள் ஒளியும் சின்ன ரிலே மாட்யூல்கள் இருக்கின்றன. சுவிட்சைத் தட்டினாலும் வேலை செய்யும், போனில் தொட்டாலும் செய்யும். அவற்றுக்கு எப்போதும் கரண்ட் வேண்டும், ஆகவே பெட்டிக்குள் நியூட்ரல் வயர் வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களில் "நியூட்ரல் இல்லை" என்று பாதி நேரம் புலம்புவார்கள். நமக்கு அதிர்ஷ்டம்: நம் சுவிட்ச் போர்டுகளில் பெரும்பாலும் ஒரு பிளக் பாயின்ட்டும் கூடவே இருக்கும் என்பதால் நியூட்ரல் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கும். ஆனால் இன்வெர்ட்டர் லைனும் ஈபி லைனும் ஒரே பெட்டிக்குள் வரும் வீடுகளில் எந்த பேசுக்கு எந்த நியூட்ரல் என்று பார்த்து எடுக்க வேண்டும். மாற்றி எடுத்தால் ஆர்சிசிபி விழுந்துகொண்டே இருக்கும், காரணம் பிடிபட ஒரு வாரம் ஆகும். சுவருக்குள் இருப்பது இரும்புப் பெட்டி என்றால் வைஃபை சிக்னல் திணறும்.

ஃபேனுக்கு லைட் டிம்மரை மாட்டாதீர்கள், முனகும், சூடாகும். ரிமோட்டோடு வரும் பிஎல்டிசி ஃபேன் என்றால் ரெகுலேட்டரே வேண்டாம். அகச்சிவப்பு ரிமோட்டாக இருந்தால் அந்த ரிமோட் அனுப்பும் சிக்னலை ஒரு ஈஎஸ்பியைக் கற்றுக்கொள்ளச் செய்து, அதையே திருப்பி அனுப்பவைக்கலாம். ஏசிக்கும் இதே வித்தைதான். குளியலறை ஹீட்டர் 2000 வாட் என்றால் ஒன்பது ஆம்பியரைத் தொடும், 3000 என்றால் பதின்மூன்று. 10 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்கில் அதைச் செருகினால் பிளக் உருகும் வாசனைதான் முதல் அலாரம்.

கதவு திறந்ததா, அறையில் அசைவு உண்டா என்று பார்க்கும் பேட்டரி சென்சார்களுக்கு வைஃபை தோதுப்படாது, பேட்டரியைக் குடித்துவிடும். அவற்றுக்கு ஸிக்பி என்ற, பேட்டரியைச் சிக்கனமாகச் செலவிடும் ரேடியோ முறை. லேப்டாப்பில் ஒரு யுஎஸ்பி ஸிக்பி டாங்கிள் செருகினால் போதும். செருகும்போது நேராகச் செருகாமல் ஒரு முழ நீள எக்ஸ்டென்ஷன் கேபிளில் தள்ளி வையுங்கள். யுஎஸ்பி 3 போர்ட் எழுப்பும் இரைச்சல் ஸிக்பி பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே விழுகிறது. "சென்சார் அடிக்கடி காணாமல் போகிறது" என்று என்னிடம் கேட்டவர்களில் பாதிப் பேருக்கு மருந்து அந்த ஒரு முழக் கேபிள்தான். ஸிக்பி, வைஃபை, கம்பெனிச் சண்டை எல்லாவற்றையும் சமாதானம் செய்ய 2022 அக்டோபரில் மேட்டர் என்ற பொதுமுறையின் முதல் பதிப்பு வந்தது. புதிதாக வாங்கும்போது அந்தச் சொல் பெட்டியில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது; வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்வதை அடிப்படையாகக் கொண்ட முறை அது.

கேஸ் கசிவைப் பார்க்க எம்க்யூ-6 என்ற சென்சார் மலிவாகக் கிடைக்கிறது. சிலிண்டரில் வரும் சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், தரையில்தான் தேங்கும். அதனால் சென்சாரைக் கீழே வைக்க வேண்டும். செய்து பார்க்கலாம், தப்பில்லை. உயிர்க்காவலுக்கு அதை நம்பாதீர்கள். சான்று பெற்ற அலாரமாகக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கரண்ட் போனால் என்ன ஆகும்? ஸ்மார்ட் வீட்டின் முதல் சாவு ரவுட்டர். 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று ரவுட்டரைச் சில மணி நேரம் தாங்கும். நான் சொன்ன இரண்டு ஈஎஸ்பிகளுக்கும் 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது, 2.4 மட்டும்தான், இரண்டையும் ஒரே பெயரில் கலந்து தரும் ரவுட்டரில் முதல் முறை இணைக்கும்போது 5-ஐக் கொஞ்ச நேரம் அணைத்துவிட்டால் சண்டை குறையும். கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்கு சிக்னல் சரியாகப் போகாது. அதனால்தான் ஈஎஸ்பியைக் கீழே மோட்டார் பக்கத்தில் வைத்து, மேலேயிருந்து வயரை இறக்கினேன்.

வெளியூரிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் ரவுட்டரில் ஓட்டை போட்டு உலகத்துக்கே வாசல் திறந்து வைக்காதீர்கள். வயர்கார்ட், டெய்ல்ஸ்கேல் போன்ற தனிச் சுரங்கப்பாதைகள் இருக்கின்றன. 2016-ல் மிராய் என்ற நச்சுநிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்து அடிமையாக்கியபோது பெரிய வித்தை எதுவும் காட்டவில்லை. கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாதவர்களின் வீட்டில் அதே பாஸ்வேர்டைப் போட்டு நுழைந்தது, அவ்வளவுதான்.

பிசெம் மீட்டர் மோட்டாரோடு நிற்க வேண்டியதில்லை. இன்னொன்றை மெயின் லைனில் போட்டால் வீட்டின் மொத்த யூனிட் தெரியும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கும் நம் ஊரில், வாரக் கடைசியில் "இதுவரை இத்தனை யூனிட்" என்று வரும் ஒரு சேதி, ஏசி ரிமோட்டை யார் வைத்திருப்பது என்ற பேச்சின் போக்கையே மாற்றுகிறது.

ஹோம் அசிஸ்டன்ட் மாதந்தோறும் புதுப் பதிப்பு விடும். ஊருக்குக் கிளம்பும் நாளுக்கு முந்தின ராத்திரி அதை ஏற்றாதீர்கள். ஏற்றும் முன் ஒரு பேக்கப் எடுத்து, அதை லேப்டாப்பிலேயே வைக்காமல் வேறு எங்காவது வையுங்கள். நான் அதை லேப்டாப்பிலேயே வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. அந்த ஹார்ட் டிஸ்க் இப்போது என் மேஜையில் பேப்பர் பறக்காமல் இருக்க உதவுகிறது.

மோட்டார் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாளில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய நான்கு வரி; மேலே செல்லோடேப் ஒட்டியிருக்கிறேன். எந்த வயர் எங்கே போகிறது, மிதவை ரிலே எது, ஈஎஸ்பிக்குப் போகும் ஃபியூஸ் எது. நான்காவது வரி எனது கையெழுத்தல்ல, அம்மாவுடையது: "வேலை செய்யலைன்னா வலது பக்கம் திருப்பு. இருபத்தஞ்சு நிமிஷம். மறக்காதே."